குன்னூரில் வாங்கிய இலைத் தேயிலை: பாலில் போட்டால் வெந்நீர், கொதிக்கவிட்டால் பாக்கு. எங்கே தப்பு?

மலைக்கோட்டை எழுதியது:

போன மாதம் குடும்பத்தோடு ஊட்டி போய்விட்டுத் திரும்பும் வழியில் குன்னூரில் ஒரு கடையில் இலைத் தேயிலை கால் கிலோ வாங்கினேன். கடைக்காரர் "ஓபி சார், எக்ஸ்போர்ட் குவாலிட்டி, இதுக்கு மேல ஒசத்தி கிடையாது" என்றார். ஓபி என்றால் ஆரஞ்சு பெக்கோவாம். நூறு கிராம் 380 ரூபாய். வீட்டில் வழக்கமாக வாங்கும் தூள் இந்தப் பணத்துக்கு முக்கால் கிலோ வரும், ஆனாலும் அங்கேயே ஒரு கண்ணாடி டம்ளரில் போட்டுக் கொடுத்தார்கள், பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, குடித்தால் ஏதோ பூ வாசனை, தொண்டையில் இறங்கின பிறகும் கொஞ்ச நேரம் இருந்தது. சரி என்று வாங்கிவிட்டேன்.

திருச்சி வந்து அம்மா எப்போதும் போடுகிற மாதிரி பாலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி வைத்து ரெண்டு டம்ளருக்கு ஒரு ஸ்பூன் போட்டோம். பாலில் குங்குமப்பூ போட்ட நிறம் கூட வரவில்லை. "இதுக்கா ஆயிரம் ரூவா" என்று அம்மா கேட்டது அக்கம்பக்கத்துக்கே கேட்டிருக்கும். மறுநாள் பால் இல்லாமல் தண்ணீரில் போட்டுப் பத்து நிமிஷம் கொதிக்கவிட்டேன். நிறம் வந்தது, ஆனால் வாயில் வைக்க முடியவில்லை, ஒரே கசப்பு. கடையில் குடித்த டீ எங்கே, இது எங்கே? சாம்பிளுக்கு ஒன்று காட்டிவிட்டு பொட்டலத்தில் வேறு எதையோ கட்டிக் கொடுத்துவிட்டார்களா? இல்லை எனக்குத்தான் போடத் தெரியவில்லையா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள், இன்னும் 220 கிராம் மிச்சம் இருக்கிறது.

வாட்டுத்தொட்டி எழுதியது:

முதலில் ஒரு கேள்வி. கசப்பா, துவர்ப்பா? நாக்கின் அடியில் பாகற்காய் மாதிரி நின்றதா, இல்லை நெல்லிக்காய் கடித்த மாதிரி கன்னத்தின் உட்பக்கம் இழுத்துப் பிடித்ததா? ரெண்டும் வேறு. தமிழில் ஆறு சுவைக்கும் தனித்தனிப் பேர் இருந்தும் டீ விஷயத்தில் மட்டும் எல்லாவற்றையும் கசப்பு என்றே சொல்லிவிடுகிறோம். துவர்ப்பு கருந்தேநீரின் உயிர். டீ டேஸ்டர்கள் பிரிஸ்க் என்று சொல்வது அதைத்தான், ஒரு வாய் குடித்ததும் வாய் துடைத்துவிட்ட மாதிரி ஆகி அடுத்த வாய் கேட்கும். கசப்பு வருவது பெரும்பாலும் நாம் கொதிக்கவிட்டுக் கெடுப்பதால்.

நான் கோத்தகிரிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் பதினோரு வருஷம் இருந்தேன். பாதிக்காலம் சிடிசி, மீதி ஆர்த்தடாக்ஸ். உங்கள் வீட்டுத் தூள் சிடிசி. 1930 வாக்கில் அசாமில் வந்த இயந்திரம் அது, பல்லுப் பல்லாக உள்ள ரெண்டு உருளைகள் வெவ்வேறு வேகத்தில் எதிரெதிராகச் சுற்றும், நடுவே விழும் இலையை நசுக்கி, கிழித்து, சுருட்டிக் கடுகு மாதிரி உருண்டையாக்கிவிடும். இலையின் ஒவ்வொரு செல்லும் உடைந்துவிடுவதால் சுடுதண்ணீர் பட்டதும் உள்ளே இருப்பது முழுக்க ஒரே ஓட்டமாக வெளியே வந்துவிடும். உங்கள் ஓபி அப்படி இல்லை, அது ஆர்த்தடாக்ஸ், அதாவது பழைய முறையில் இலையை முறுக்கிச் செய்வது. முந்தின நாள் பறித்த கொழுந்தை ராத்திரி முழுக்கத் தொட்டியில் பரப்பிக் காற்று விட்டு வாட்டுவோம், பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மணி நேரம். வாடிவிட்டதா என்று பார்க்க மீட்டர் எல்லாம் இருந்தாலும் பழைய ஆட்கள் ஒரு கை அள்ளி உருண்டையாகப் பிடித்து விடுவார்கள், உருண்டை பொலபொலவென்று உதிராமல் மெதுவாக விரியணும், காம்பு ஒடியாமல் வளையணும். அதற்கப்புறம் ரோலரில் முறுக்குவது. முறுக்கும்போது சாறு வெளியே வந்து இலை மேலேயே படியும், காற்று பட்டு நிறம் மாற ஆரம்பிக்கும். தொழிற்சாலையில் இதை ஃபெர்மென்டிங் என்போம், ஆனால் தோசை மாவு புளிப்பது மாதிரி இதில் நுண்ணுயிர் வேலை இல்லை, வெட்டின வாழைக்காய் கறுக்கிற கதைதான். அந்த நேரம் மூக்கால் வேலை பார்ப்பது. முதலில் புல் வெட்டின வாசனை வரும், அப்புறம் அது போய்ப் பழுத்த ஆப்பிள் வாசனை ஒன்று கிளம்பும், அந்த இடத்தில் டிரையருக்கு அனுப்பிவிடணும். பத்து நிமிஷம் தவறினாலும் டீ சப்பென்று போகும்.

ஆக உங்கள் இலை பாதி முழுசாக இருக்கிற இலை. அது தண்ணீரில் விரிந்துதான் சாறு விடும், நேரம் எடுக்கும். பாலில் போட்டால் பாலே அதை அமுக்கிவிடும். கொதிக்கவிட்டால் வாசனை ஆவியில் பறந்து, இருக்கிற துவர்ப்பெல்லாம் தண்ணீரில் இறங்கும். நீங்கள் ரெண்டு தப்பையும் ஒழுங்காகச் செய்திருக்கிறீர்கள்.

இன்னொன்று, ஸ்பூன் கணக்கு. தூள் ஒரு ஸ்பூன் மூன்று கிராம் இருக்கும். அதே ஸ்பூனில் ஓபி அள்ளினால் ஒன்றேகால், ஒன்றரை கிராம்தான், கம்பி கம்பியாக இருப்பதால் இடையில் எல்லாம் காற்று. ஒரு டம்ளர், 150 மில்லி தண்ணீருக்கு மூன்று கிராம் போடுங்கள். தராசு இல்லை என்றால் ரெண்டு குவித்த ஸ்பூன். தண்ணீர் தளதளவென்று கொதித்ததும் அடுப்பை அணைத்துவிட்டு இலை மேல் ஊற்றி மூடி வையுங்கள். மூன்றரை நிமிஷம். வடிகட்டுங்கள். அவ்வளவுதான்.

ஓபி என்றால் ஒசத்தி என்று சொன்ன கடைக்காரரை நம்பாதீர்கள். ஓபி, பிஓபி, பிஓபிஎஃப், டஸ்ட் எல்லாம் சல்லடை அளவு. ஓபி நீள இலை, பிஓபி உடைந்தது, பிஓபிஎஃப் அதைவிடப் பொடி. ஒரே நாள் ஒரே தொட்டியில் இருந்து நாலும் வரும். மட்டமான ஓபியும் உண்டு, அருமையான டஸ்டும் உண்டு. ஆரஞ்சு பெக்கோ என்பதில் உள்ள ஆரஞ்சுக்கும் பழத்துக்கும் சம்பந்தமும் இல்லை.

போர்வெல் பல்லாவரம் எழுதியது:

மேலே உள்ளவர் சொன்னதெல்லாம் சரி, ஒன்றை விட்டுவிட்டார். தண்ணீர்! சகோ, நீங்கள் எந்தத் தண்ணீரில் போட்டீர்கள்? போர் தண்ணீரா, காவிரித் தண்ணீரா?

நான் இதே மாதிரி ஒரு தடவை நல்ல டார்ஜிலிங் வாங்கி எங்கள் வீட்டுப் போர் தண்ணீரில் போட்டேன். நிறம் கறுப்பு, வாசனை பூஜ்யம், ரெண்டு நிமிஷத்தில் மேலே ஒரு ஏடு. பால் ஏடு இல்லை, எண்ணெய் மாதிரி மினுமினுப்பு, ஸ்பூனால் தொட்டால் கண்ணாடி உடைகிற மாதிரி துண்டு துண்டாக விரியும். டம்ளர் ஓரத்தில் பழுப்பு வளையம். தேயிலை மட்டம் என்று ஆன்லைன் கடைக்குக் காட்டமாக ஒரு மெயில் எழுதி அனுப்பக்கூடப் போய்விட்டேன். அப்புறம் படித்துப் பார்த்தால் அது தண்ணீரில் உள்ள கால்சியமும் தேயிலைச் சாறும் சேர்ந்து உண்டாவது. நாலு சொட்டு எலுமிச்சை விட்டால் ஏடு காணாமல் போகும், கூடவே டீயின் நிறமும் வெளுக்கும், அது வேறு கதை. கேன் தண்ணீரில் போட்டேன், அதே இலை வேறு டீ ஆகிவிட்டது. ஆனால் வீட்டு ஆர்ஓ மிஷினில் உப்பை ரொம்பக் கீழே இறக்கி வைத்திருந்தால் அதுவும் சரிப்படாது, டீ சுரத்தில்லாமல் தட்டையாக இருக்கிறது. நான் இப்போது கேன் தண்ணீர்தான்.

குன்னூரில் நன்றாக இருந்து வீட்டில் நன்றாக இல்லாததற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும். மலையில் ஓடை நீர், உப்பே கிடையாது.

வாட்டுத்தொட்டி எழுதியது:

உண்மை, தண்ணீரை மறந்துவிட்டேன். மலையில் இருந்ததால் தண்ணீரைப் பற்றி யோசிக்கவே தேவைப்படவில்லை.

அதோடு இன்னொன்று. குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 94 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஊட்டியில் இன்னும் ஒரு டிகிரி குறைவு. திருச்சியில் கிட்டத்தட்ட நூறு. சில ரகத்துக்கு இந்த வித்தியாசம் முக்கியம். நீலகிரியில் குளிர்கால டீ ஒன்று வரும், டிசம்பரில் இருந்து பிப்ரவரி வரை ராத்திரி பனி கொட்டுகிற சமயத்தில் பறிப்பது, ஃப்ராஸ்ட் டீ என்று விற்பார்கள். பனியில் கருகின இலை என்று நினைக்க வேண்டாம், கருகினால் அது நஷ்டம், குப்பை. குளிரில் செடி மெதுவாக வளருவதால் வாசனை கூடும், அதுதான் விஷயம். அந்த இலையைப் பல தொழிற்சாலைகளில் நிறம் முழுசாக மாறும் முன்பே நிறுத்திவிடுவார்கள், இலையில் பச்சை தெரியும். டார்ஜிலிங் முதல் பறிப்பும் அப்படித்தான். இந்த ரகத்துக்குக் கொதித்த தண்ணீரை ஒரு ரெண்டு நிமிஷம் ஆறவிட்டு ஊற்றணும். நன்றாகக் கறுத்த இலைக்கு அது தேவையில்லை, நேராகக் கொதிநீர்தான். பொட்டலத்தைக் கொட்டி வெளிச்சத்தில் பாருங்கள், பச்சையும் பழுப்பும் கலந்திருக்கிறதா, ஒரே கறுப்பா?

பெஞ்சு டீ எழுதியது:

எல்லாரும் ஒரு டம்ளர் டீக்கு தராசு, தெர்மாமீட்டர் எல்லாம் எடுத்துவிட்டீர்கள், இனி லேப் கோட் ஒன்றுதான் பாக்கி.

எங்கள் அப்பா டீக்கடை வைத்திருந்தவர், நானும் பள்ளிக்கூடம் விட்டு வந்து பாய்லர் முன்னால் நின்றிருக்கிறேன். துணிப்பையில் டஸ்டைப் போட்டுக் கொதிநீரை ஊற்றினால் முதல் இறக்கமே கருஞ்சிவப்பு, அதில் பாலை ஊற்றி ஒரு ஆற்று ஆற்றினால் வருகிற நிறம் இருக்கிறதே, செங்கல் நிறம், அதைப் பார்த்துத்தான் ஆள் பெஞ்சில் உட்காருவான். தமிழ்நாட்டில் டீ என்றால் அது பால் டீ. அதற்கு டஸ்டை அடிக்க ஒன்றும் இல்லை. ஓபியைப் பாலில் போட்டது மலைக்கோட்டை அண்ணன் தப்பில்லை, பால் டீ குடிக்கிற ஊரில் ஓபியைத் தலையில் கட்டினவர் தப்பு.

ஒரு உண்மையையும் ஒத்துக்கொள்கிறேன். பையை ரெண்டு மணி நேரத்துக்கு மேல் மாற்றாமல் ஓட்டினால் அப்பா திட்டுவார். சாயங்காலம் கூட்ட நேரத்தில் சில கடைகளில் குடிக்கும்போது வருகிற அந்தக் காட்டமான கசப்பு ஸ்ட்ராங் இல்லை, செத்த தூள். பாலும் சர்க்கரையும் அதை மூடி மறைக்கும். பால் இல்லாமல் குடிக்கும்போது மறைக்க ஆள் இல்லை.

இலைத் தேயிலையில்தான் பால் டீ வேண்டும் என்று அடம்பிடித்தால் அசாம் ஆர்த்தடாக்ஸ் வாங்குங்கள், வறுத்த கேழ்வரகு மாவு வாசனை மாதிரி ஒரு கனம் இருக்கும், பாலைத் தாங்கும். பிஓபி வாங்கினாலும் தாங்கும். அப்போதும் தனியாக டிக்காஷன் இறக்கி, சூடான பாலைக் கடைசியில் கொஞ்சம்தான் சேர்க்கணும். பாலில் வேகவைக்காதீர்கள், அது கஞ்சி.

பதுளைக்காரி எழுதியது:

நான் இலங்கையில் பதுளைப் பக்கம் தோட்டத்துப் பிள்ளை. எங்கள் அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவ. பெஞ்சு டீ தம்பி சொல்வது போல் பால் போட்டால்தான் தேத்தண்ணி என்றால் எங்கள் ஊரில் பாதிப்பேர் தேத்தண்ணியே குடித்ததில்லை என்றாகிவிடும். வெறுந்தேத்தண்ணிதான் அங்கே. உள்ளங்கையில் சீனி வைத்துக்கொண்டு நாக்கால் தொட்டுத் தொட்டுக் குடிப்போம், யாழ்ப்பாணத்தில் என்றால் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பார்கள். சீனி தேத்தண்ணிக்குள் போகாமல் பக்கத்தில் இருப்பதில் ஒரு விஷயம் இருக்கிறது. ஒரு வாய் துவர்ப்பு, ஒரு வாய் இனிப்பு. கரைத்துவிட்டால் ரெண்டும் மங்கிவிடும்.

இலங்கையில் ஓபி, பிஓபி பார்ப்பதை விட எந்த உயரம் என்றுதான் முதலில் பார்ப்போம். 4,000 அடிக்கு மேல் மலைநாட்டுத் தேயிலை, 2,000 முதல் 4,000 வரை நடு, அதற்குக் கீழே தாழ்நிலம். நுவரெலியா வெளிர் நிறம், மெல்லிசு, எலுமிச்சைத்தோல் மாதிரி ஒரு வாசம். திம்புள ஜனவரி முதல் மார்ச் வரை நன்றாக இருக்கும், நிறமும் வாசனையும் சமமாக, பால் சேர்த்தாலும் பிழையில்லை. கீழே ருகுணப் பக்கம் கருமையாக, தடிப்பாக, தேன்பாகு மாதிரி. ஒரே நாடு, ஒரே செடிதான், குடித்தால் யாரும் நம்பமாட்டார்கள்.

எங்கள் பதுளை இருக்கிற ஊவா மாகாணத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரைதான் பேர். அந்த மாதங்களில் மலையைத் தாண்டி வறண்ட காற்று அடிக்கும், உதடு வெடிக்கும், துணி ஒரு மணி நேரத்தில் காயும். செடி வளர்வதை நிறுத்தின மாதிரி நிற்கும், கொழுந்து சின்னதாக, கடினமாக வரும். எடை குறைவு என்றால் எடுக்கிறவளுக்குக் கூலியும் குறைவு, அம்மா அந்தக் காற்றைச் சபிப்பா. ஆனால் அந்தக் கொழுந்தில்தான் அந்த வாசம். எப்படிச் சொல்வது, முழங்கால் வலிக்குப் பூசுகிற தைலம் இருக்கிறதே, அதில் வருகிற அந்தக் குளிர்ந்த வாசம்தான். முதல் தடவை குடிக்கிறவர்கள் கோப்பையில் மருந்து விழுந்துவிட்டது என்று நினைப்பார்கள். தைலத்திலும் தேயிலையிலும் அதே பொருள்தான், மெத்தில் சாலிசிலேட். ஜப்பான்காரர், ஜெர்மன்காரர் எல்லாம் இதற்கு நல்ல விலை கொடுத்து வாங்குகிறார்கள். நாங்கள் சின்னப்பிள்ளையில் வீட்டில் குடித்தது ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொடுக்கிற தூள்தான். ஊவாவின் சீசன் தேயிலையை நான் ஒழுங்காகக் குடித்தது 27 வயதில், கொழும்பில் வேலைக்குப் போன பிறகு, ஒரு கண்ணாடிக் கேத்தலில். வாசம் வந்ததும் அம்மாவுடைய தலைத்துண்டு ஞாபகம் வந்தது.

மலைக்கோட்டைத் தம்பிக்கு ஒரு குறிப்பு. வடித்த பிறகு இலையை உடனே கொட்டாதீர்கள். மூடியில் கவிழ்த்து மோந்து பாருங்கள், நிறத்தைப் பாருங்கள். நல்ல தேயிலை என்றால் நனைந்த இலை புதுச் செப்புக்காசு மாதிரி பளிச்சென்று இருக்கும். கறுத்து, சாணி நிறத்தில் இருந்தால் செய்கையில் பிழை. இன்னொன்று, சாயம் சேர்த்தது என்று சந்தேகம் என்றால் பச்சைத்தண்ணீரில் ஒரு சிட்டிகை போடுங்கள். நல்லது மெல்ல மெல்லத்தான் நிறம் விடும், சாயம் போட்டது போட்ட கையோடு சிவப்புக் கோடாக இறங்கும்.

கோத்தகிரி என்று ஒருவர் எழுதியதைப் பார்த்ததும் கேட்கத் தோன்றியது. தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பின 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் எங்கள் லயத்தில், அதாவது தோட்டக் குடியிருப்பில், இருந்து போன சொந்தக்காரர்கள் நீலகிரியில்தான் இருக்கிறார்கள், டான்டீ என்கிற தமிழ்நாடு அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அப்படி வந்தவர்கள் யாரையாவது தெரியுமா?

வாட்டுத்தொட்டி எழுதியது:

அக்கா, எங்கள் ரோலர் அறையில் இருந்த மேஸ்திரியே அப்படி வந்தவர்தான். தொழிற்சாலை என்று சொல்லவே மாட்டார், கடைசி வரை ஸ்டோர்தான். கண்டியில் இருந்து வந்ததாகச் சொல்வார், கேட்டால் ஒரு தோட்டத்தின் பெயரைச் சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விடுவார்.

பெஞ்சு டீக்கு ஒரு பதில். தராசைக் கிண்டல் செய்யாதீர்கள், தேநீர் போடுவதற்கே ஐஎஸ்ஓ 3103 என்று ஒரு தரநிர்ணயம் இருக்கிறது. நூறு மில்லிக்கு ரெண்டு கிராம், ஆறு நிமிஷம். இதன் பிரிட்டிஷ் மூலத்துக்கு 1999இல் இக் நோபல் என்கிற கேலிப் பரிசு கொடுத்துச் சிரித்தார்கள், அதனால் உங்கள் கிண்டலுக்கும் துணைக்கு ஆள் உண்டு. ஆனால் அந்த ஆறு நிமிஷம் குடிப்பதற்கு இல்லை. டேஸ்டர் குற்றம் கண்டுபிடிக்கப் போடுகிற டீ அது, எல்லா அழுக்கும் வெளியே வரட்டும் என்று. வீட்டில் அப்படிப் போட்டால் மலைக்கோட்டை பாடுதான்.

மலைக்கோட்டை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மூன்று நாள் சோதனை முடிந்தது, விவரம் சொல்கிறேன்.

பக்கத்து நகைக்கடைக்காரர் பையனிடம் குட்டித் தராசு வாங்கி வந்தேன். அதைப் பார்த்து அம்மா "டீத்தூளுக்கும் ஹால்மார்க்கா" என்றார். கேன் தண்ணீர், மூன்று டம்ளர், ஒவ்வொன்றிலும் மூன்று கிராம். ரெண்டு நிமிஷம், மூன்றரை நிமிஷம், ஆறு நிமிஷம். ரெண்டு நிமிஷத்தில் வாசனை நன்றாக இருந்தது, குடித்தால் தண்ணீர். ஆறில் கன்னம் இழுத்துவிட்டது. ஆமாம், அன்றைக்கு நான் கசப்பு என்று சொன்னதில் பாதிக்கு மேல் துவர்ப்புதான், வாழைப்பூவை மோரில் போடாமல் சமைத்த மாதிரி. மூன்றரையில் வந்தது குன்னூர் டீ. அதேதான், அந்தப் பூ வாசனை, குடித்து முடித்து டம்ளரைக் கழுவப்போகும்போது கூட இருந்தது. கடைக்காரரைத் திட்டினதற்கு மன்னிப்பு. இலையைக் கொட்டிப் பார்த்தேன், முழுக்கக் கறுப்பு இல்லை, அங்கங்கே பழுப்பும் ஆலிவ் பச்சையும். நாலாவதாக ஒரு நிமிஷம் ஆறவிட்டு ஊற்றினதில் துவர்ப்பு இன்னும் குறைந்தது.

அதே மூன்றரை நிமிஷம் போர் தண்ணீரிலும் போட்டேன். பல்லாவரம் சொன்ன அதே ஏடு, அதே வளையம். இனி டீக்குக் கேன்தான்.

நடுவில் ஒரு கூத்து. ஆன்லைனில் உருண்டையாக ஒரு வடிகட்டி வாங்கினேன், சங்கிலி போட்டது. இலை உள்ளே விரிய இடமில்லாமல் நடுவில் காய்ந்தே கிடந்தது. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு மூடி போட்ட பழைய எவர்சில்வர் செம்பில் இலையைச் சும்மா மிதக்கவிட்டு வடிகட்டுகிறேன். முதல் நாள் எங்கள் வீட்டு பிளாஸ்டிக் டீ வடிகட்டியிலேயே வடித்தேன், ஏலக்காய் வாசனை வந்தது, ஆச்சரியப்பட்டேன். வருஷக்கணக்கான ஏலக்காய் அதிலேயே ஊறியிருக்கிறது!

அம்மா மூன்றரை நிமிஷ டீயைக் கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். "வாசனை நல்லாத்தான் இருக்கு. டீ எப்போ தருவே?" என்றார்.

ரெண்டு சந்தேகம். அதே இலையில் ரெண்டாவது தடவை போடலாமா? பொட்டலத்தை ஃப்ரிட்ஜில் வைக்கலாமா?

பெஞ்சு டீ எழுதியது:

அம்மா கட்சி ஜெயித்தது.

வாட்டுத்தொட்டி எழுதியது:

ரெண்டாவது தடவை போடலாம், ஐந்து நிமிஷம் விடுங்கள், உடனே போடணும். காலை இலையைச் சாயங்காலம் வரை ஈரத்தோடு வைக்காதீர்கள். வாசனை பாதிதான் இருக்கும், ஆனால் அதை ஆறவைத்து எலுமிச்சை பிழிந்து குடித்துப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் கூடவே கூடாது, தேயிலை பஞ்சு மாதிரி, மீன்குழம்பு வாசனையைக் கூட உறிஞ்சிக்கொள்ளும். திறந்து மூடும்போது ஈரமும் ஏறும். இறுக்கமான மூடியுள்ள தகர டப்பா, அடுப்புக்குத் தள்ளி, வெயில் படாத அலமாரி. ஆறு மாதத்துக்குள் முடித்துவிடுங்கள், பச்சை கலந்த ரகம் என்பதால் சீக்கிரம் மங்கும்.

ஜனவரி கடைசியில் யாராவது மலை ஏறினால் கடையில் ஓபியா என்று கேட்காமல் எந்த மாதம் பறித்தது என்று கேட்டு வாங்குங்கள். சொல்லத் தெரியாத கடை என்றால் ஒரு டம்ளர் குடித்துவிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம்.

பதுளைக்காரி எழுதியது:

அம்மாவுக்கு ஒரு துண்டு இஞ்சி தட்டிப் போட்டு, கையில் கொஞ்சம் கருப்பட்டி கொடுத்துப் பாருங்கள் தம்பி. பாலைக் கேட்காமல் குடிக்கிறாவா என்று வந்து சொல்லுங்கள்.